பட்டாளத்து ஜீப் அல்ல, பருத்தித்துறை ஜீப்

பருத்தித்துறையில் பழைய ஜீப் ஒன்றை வைத்துப் பேணுகிறவர்களிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆமிக்காரன்ர சாமானை ஏன் பொத்திப் பொத்தி வச்சிருக்கிறியள்?" வம்புக்குக் கேட்பவர்களை விட்டுவிடலாம். உண்மையான மனவருத்தத்தோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். இழப்புகளைக் கண்டவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து முற்றத்தில் அந்த வண்டியைக் கண்டதும் முகம் மாறிப்போகிறவர்கள். அவர்கள் சொல்வது இப்போது எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய பொதுக் கருத்தாகவே ஆகிவிட்டது. போருக்காகச் செய்த வண்டியைப் பேணுவது போரைப் பேணுவது. இந்த மண்ணில் அதற்கு இடமில்லை. பழைய இரும்புக்குப் போடு, அல்லது ஆசைப்பட்டு வருகிற கொழும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கு.

இந்தக் கருத்து தவறு. அதனால் நட்டப்படுகிறவர்களும் வேறு யாருமல்ல, நாங்களேதான்.

அதில் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் தாக்கப்பட்ட இராணுவ ரோந்து ஒரு ஜீப்பிலும் ஒரு லொறியிலும்தான் வந்தது. அந்த யூலைக்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜீப் என்பது ஒழுங்கை முனையில் இரவில் வந்து நிற்கும் எஞ்சின் சத்தம். 1987 மே 26இல் வடமராட்சி மீது படை நகர்ந்தபோது இந்த ஊர் கண்டதும், அதே ஆண்டு யூலை முடிவில் வந்து 1990 மார்ச் வரை நின்ற இந்தியப் படையின் காலத்தில் கண்டதும், அதற்குப் பிறகு கண்டதும் யாருக்கும் மறக்கவில்லை. பிரான்சின் நோர்மண்டிக் கரையில் ஒவ்வொரு யூன் 6ஆம் திகதியும் பழைய ஜீப்புகளை வரிசையாக ஓட்டுகிறார்கள்; அங்கே அந்தப் பச்சை நிறம் விடுதலையின் நிறம். இங்கே அந்தப் பச்சைக்கு அந்தப் பொருள் கிடையாது. அந்தப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் ஜீப்புக்கும் பட்டாளப் பச்சை பூசி, வெள்ளை நட்சத்திரம் வரைந்து, நெல்லியடிச் சந்தியால் ஓட்டிக்கொண்டு போகிறவனை நானும் தடுப்பேன். அது அயலவரின் காயத்தில் கை வைப்பது. இதில் எனக்கும் கேள்வி கேட்பவர்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. ஒரு வண்டி எந்தத் தொழிற்சாலையில் எதற்காகச் செய்யப்பட்டது என்பதே அது யார், எவர் என்பதைத் தீர்த்துவிடும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். இந்த நாட்டில் வாழ்ந்த ஒருவர் அப்படி நினைக்க எப்படி முடிகிறது என்பதுதான் எனக்கு விளங்குவதில்லை. எங்கள் நினைவில் மிகக் கொடிய வாகனம் எது? ஆட்களைக் கடத்திப்போன வெள்ளை வான். அதை எந்தப் படைக்கும் எந்தத் தொழிற்சாலையும் செய்து கொடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளையும் கலியாண வீட்டுக்காரரையும் ஏற்றுவதற்கென்று ஜப்பானில் செய்த சாதாரண வான் அது. மாறாக ஆனையிறவுக்குப் போய்ப் பாருங்கள். ஏ9 வீதியோரத்தில் இரும்புத் தகடு போர்த்திய புல்டோசர் ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1991 யூலையில் புலிகள் முகாமைத் தாக்கியபோது கொண்டுவந்தது. அதைத் தகர்த்து உயிரிழந்த படைச் சிப்பாயின் நினைவாக அரசு அதை அங்கேயே வைத்திருக்கிறது. மண் அள்ளச் செய்த இயந்திரம் அது. போர்வண்டி ஆனது தொழிற்சாலையில் அல்ல, இங்கே.

ஆகவே பிறப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வண்டியின் வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும். ஜீப்பின் வாழ்க்கையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

1940இல் அமெரிக்க இராணுவம் இலேசான நாற்சில்லு இழுவை வண்டி ஒன்றைக் கேட்டது. பென்சில்வேனியாவில் பான்ரம் என்ற சிறு கம்பனி 49 நாட்களுக்குள் முதல் மாதிரியைச் செய்து, செப்ரெம்பர் 23 அன்று ஒப்படைத்தது. அந்தச் சிறு கம்பனியால் தேவையான எண்ணிக்கையில் செய்ய முடியாது என்று சொல்லி, பெரிய வேலை ஒஹாயோவின் வில்லிஸ் கம்பனிக்கும் ஃபோர்டுக்கும் போனது. 1945 வரைக்கும் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டவை ஓடி வெளியே வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கிய பிறகு இலங்கை நேசப் படைகளின் பெரிய தளமானது. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கே வந்துவிட்டது. பலாலி விமான ஓடுபாதையும் அந்தப் போரின் பிள்ளைதான். அந்தப் படைகளோடு வந்த ஜீப்புகள் எல்லாம் திரும்பிப் போகவில்லை. போர் முடிந்ததும் மிஞ்சியவை விற்கப்பட்டன. கை மாறி, ஊர் மாறி, சில இந்தக் குடாநாட்டுக்கும் வந்து சேர்ந்தன.

இங்கே வந்து என்ன செய்தன? எங்கள் வீட்டில் நிற்கும் வில்லிஸை மாமா வாங்கியது புகையிலைக்காக. தோட்டத்துக்குள் மாட்டுவண்டி போகும் பாதை மட்டும் இருந்த காலம். சிப்பம் ஏற்றியது, வெங்காயம் ஏற்றியது, மணற்காட்டிலிருந்து மீன் பெட்டி ஏற்றியது, பேறுகாலப் பெண்களை மந்திகை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியது. மணற்காட்டு மணலைக் கண்டவர்களுக்குத் தெரியும், அங்கே பழைய அந்தோனியார் கோயிலையே மணல் விழுங்கிவிட்டது. அந்த மணலுக்குள் ரயரில் காற்றைக் குறைத்து, முன்சில்லுக்கும் இழுவையைக் கொடுத்து, சின்ன கியரில் அரைந்து அரைந்து போகிற வண்டி வேறு எதுவும் இருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகும் அந்தக் கரைக்கு அது சாமான் கொண்டு போனது. ஸ்ரியரிங் இடப்பக்கத்தில் இருப்பதால் முந்திச் செல்வதற்குப் பக்கத்தில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து "போ, போ" என்று சொல்ல வேண்டும். அந்த இருக்கையில் இருந்துதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வீதியைப் பழகினார்கள்.

இந்த வண்டி பட்டாளத்தில் இருந்தது கூடிப்போனால் நான்கு ஆண்டுகள். தோட்டத்திலும் கரையிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கழிந்தது முக்கால் நூற்றாண்டுக்கு மேல். எந்தக் கணக்கில் அது இன்னும் பட்டாளத்துச் சாமான்?

லாண்ட் ரோவரின் கதை இன்னும் தெளிவானது. போர் முடிந்த பின் ரோவர் கம்பனியின் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டு அங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் ஒரு பழைய பட்டாள ஜீப்பை வைத்து வேலை செய்துகொண்டிருந்தார். அது ஓய்ந்தால் அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்வியில் பிறந்ததுதான் லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அதை வைத்தபோது விவசாயிக்கு என்று சொல்லித்தான் வைத்தார்கள். பிறகுதான் உலகத்துப் படைகள் பல, இலங்கைப் படை உட்பட, அதை வாங்கின. ஒன்று போருக்குப் பிறந்து தோட்டத்துக்கு வந்தது. மற்றது தோட்டத்துக்குப் பிறந்து போருக்குப் போனது. பழைய லாண்ட் ரோவரைப் பார்த்து "ஆமி வண்டி" என்று முகம் சுழிக்கிறவர், அதை முதலில் ஒரு கமக்காரனுக்காகச் செய்தார்கள் என்பதை அறியாமல் சுழிக்கிறார்.

இனி மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். இந்த விவாதத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. கொழும்பு போட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி என்று நீண்ட பட்டியல் இருந்தது. மின்சாரம் இல்லை. ஒஸ்ரின், மொறிஸ் மைனர், ஜீப் என்று பழைய வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோலை எடுத்து, காபிரேட்டரின் வாய்க்குள் பீச்சி, எஞ்சின் பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவது அக்காலப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கலை. வெள்ளைப் புகையும், தொண்டையில் ஒட்டும் அந்த மணமும் அந்தத் தடைக்காலத்தின் முகவரி.

அதை ஒரு நெருக்கடிக்கால ஒப்பேற்றல் என்று மட்டும் நினைக்கிறவர்கள் அதன் உள்ளே இருந்த அறிவைப் பார்க்கவில்லை. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆகாது, சூடு வேண்டும். சூடாக்காமல் உள்ளே விட்டால் துளியாகவே போய்ப் பாதி எரிந்து, பிளக்கைக் கரியாக்கும். எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயில் நீர்த்தால் பெயரிங் போய்விடும். அதோடு, அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். வில்லிஸ் எஞ்சினின் அமுக்க விகிதம் ஆறரைக்கும் சற்றுக் குறைவு. மட்டமான பெற்றோலிலும் ஓடக்கூடிய அளவு அது. அந்தக் குறைந்த அமுக்கம்தான் ஐம்பது ஆண்டு கழித்து யாழ்ப்பாணத்தில் அதைக் காப்பாற்றியது. பற்றரி கிடைக்காத காலத்தில் முன்னால் ஹான்டிலைப் போட்டுச் சுற்றினாலும் எழும்பியது. புதிய கார்கள் செத்துக் கிடந்தபோது இந்தக் கிழட்டு வண்டிகள் ஓடியதற்குக் காரணம் அதிர்ஷ்டம் அல்ல. எது எதைத் தாங்கும் என்று கராச்சில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஜீப்பின் மூடியைத் திறந்தால் இன்றும் பார்க்கலாம். ஃபயர்வோலில் ஒரு லீற்றர் அளவில் சின்னப் பித்தளைத் தாங்கி ஒன்று, அது பெற்றோலுக்கு. அதன் கீழே இரண்டு வழித் திறப்பு ஒன்று, தண்ணீர்க் குழாயில் இருந்து கழற்றிப் பொருத்தியது. பெரிய தாங்கியில் இருந்து வரும் மண்ணெண்ணெய்க் குழாய் நேரே காபிரேட்டருக்குப் போவதில்லை. செப்புக் குழாயாக மாறி, புகைபோக்கி மனிபோல்ட்டை நான்கு சுற்றுச் சுற்றி, பிறகுதான் மேலேறுகிறது. ஒட்டு வைத்த இடங்களில் ஈயம் வழிந்து உறைந்திருக்கிறது. அதைச் செய்த மெக்கானிக் அண்ணையிடம், ஏன் நான்கு சுற்று என்று ஒருமுறை கேட்டேன். "மூண்டு சுத்தினன், ஏத்தத்தில இழுக்கேல்ல. அஞ்சு சுத்தினன், குழாய்க்குள்ளயே கொதிச்சு அடைச்சுப் போட்டுது. சூடு அளவாக் காணவேணும் தம்பி" என்றார். ஆய்வுகூடத்தில் எழுதும் மூன்று பக்க அறிக்கை அவருடைய அந்த ஒரு மூச்சுப் பேச்சுக்குள் இருக்கிறது.

இங்கிலாந்திலும் இப்படிச் செய்தார்கள். ஃபேர்கசன் போன்ற உழவு இயந்திரங்கள் பெற்றோலில் எழும்பி, சூடானபின் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த மலிவான எண்ணெயில் ஓடும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டன. இன்று அந்த அமைப்புக் குலையாத உழவு இயந்திரம் கிடைத்தால் அங்கே பழைய வண்டிப் பிரியர்கள் மகிழ்ந்து போகிறார்கள். வரைபடமும் தொழிற்சாலையும் வைத்துச் செய்ததற்கு அந்த மதிப்பு. வரைபடம் இல்லாமல், உதிரிப்பாகம் இல்லாமல், விமானம் சுற்றும்போது பங்கருக்குள் இறங்கி, போனதும் மேலேறி வந்து செய்ததற்கு என்ன மதிப்பு?

ஒன்றும் இல்லை என்கிறார் கொழும்பிலிருந்து வாங்க வருபவர். இவரையும் இந்த விவாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஆண்டுக்கணக்காக நீடித்தபின் பழைய வண்டிகளின் விலை ஏறியது. வடக்கில் எங்காவது கொட்டிலுக்குள் ஒரு வில்லிஸ் இருக்கிறதாம் என்று தேடி வருகிறவர்களும் கூடினார்கள். அவர்கள் வண்டியை நேசிக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. நம்பர் பார்த்து இது எந்த மாதம் செய்தது என்று சொல்லக்கூடியவர்கள். ஆனால் மூடியைத் திறந்து அந்தச் செப்புச் சுற்றைக் கண்டதும் சொல்வது ஒன்றுதான்: இந்தக் குப்பை எல்லாம் கழற்றிவிடலாம், 1944இல் தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரியே ஆக்கிவிடலாம், பட்டாளப் பச்சையும் கிடைக்கிறது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். பழைய இரும்புக்குப் போடு என்று சொல்லும் எங்கள் ஊர்க்காரரும், பழைய பட்டாளக் கோலத்துக்குத் திருப்பு என்று சொல்லும் கொழும்புச் சேகரிப்பாளரும் எதிரெதிராக நிற்பது போலத் தெரிகிறது. உண்மையில் இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்த ஜீப்பின் உண்மை அதன் பட்டாளக் காலத்தில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் ஒரே நம்பிக்கை. ஒருவர் அதற்காக வெறுக்கிறார், மற்றவர் அதற்காக விரும்புகிறார். நடுவில் இருந்த எங்கள் முக்கால் நூற்றாண்டு இருவர் கண்ணிலும் படவில்லை. ஒருவர் வண்டியோடு சேர்த்து அதை அழிக்கிறார்; மற்றவர் வண்டியை வைத்துக்கொண்டு அதை மட்டும் அழிக்கிறார்.

என் மறுப்பு இருவருக்கும் சேர்த்துத்தான். வைத்திருக்க வேண்டும்; எங்கள் கை பட்டபடியே வைத்திருக்க வேண்டும்.

நம்பர் தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலிசு எழுத்தில் தொடங்கும் பழைய தகடு இருந்தால் அந்த வண்டி 1957க்கு முந்தியது. அந்த ஆண்டுதான் வாகனத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்துக் கட்டாயமானது. அதை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் நடந்த போராட்டத்தில் மக்கள் தங்கள் வண்டிகளில் தமிழில் ஸ்ரீ எழுதினார்கள். 1958 கலவரத்துக்கு முந்திய மாதங்களின் பெரிய தகராறுகளில் அதுவும் ஒன்று. வாகனத் தகடே அரசியல் களமாக இருந்த ஊர் இது. தகட்டை மாற்றி, பட்டாள இலக்கத்தை வெள்ளையில் எழுதுவது எதை அழிக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

தட்டிவானுக்கு எங்கள் ஊர் கொடுக்கும் அன்பு எனக்குப் பெரிய ஆறுதல். கொடிகாமம் வீதியில் ஓடிய மரக்கூட்டுத் தட்டிவானைப் பற்றிச் சொன்னால் கனடாவில் இருப்பவருக்கும் கண் கலங்கும். அதன் சட்டமும் எஞ்சினும் எங்கே செய்தவை என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் தச்சர் கூடு அடித்தார், எங்கள் சனம் ஏறியது, ஆகவே எங்களுடையது. அதே நீதியை ஜீப்புக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். செப்புக் குழாயைச் சுற்றிய கையும் மரக்கூடு அடித்த கையும் அடுத்தடுத்த ஒழுங்கையில் இருந்தவைதான்.

கடைசியாக வரும் எதிர்வாதம் கனமானது. மனிதர்களுக்கே நினைவிடம் இல்லாத மண்ணில் இரும்புக்கு நினைவிடமா என்று ஒருவர் கேட்டார். எள்ளங்குளத்தில் மாவீரர் துயிலும் இல்லத்தை இடித்துத் தள்ளினார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் வந்து குந்தினார்கள். பதில் கிடைக்காமலே சிலர் இறந்தும் போனார்கள். இவற்றுக்கு முன்னால் ஒரு ஜீப் ஒன்றுமே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டால் அந்தத் தாய்மாருக்கு எது கூடுகிறது? இடிக்கப்பட்டவற்றுக்காக அழுகிறவர்கள், இடிக்கப்படாமல் கையில் இருப்பதைத் தாங்களே ஏன் இடிக்க வேண்டும்? முள்ளிவாய்க்காலில் சனம் விட்டுவிட்டு ஓடிய சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் மலை மலையாகக் குவிந்து கிடந்து கறளாகின. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் கதை. அவற்றைக் காக்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. முற்றத்தில் நிற்பதைக் காக்க வழி இருக்கிறது. செய்யாவிட்டால் இந்தக் குடாநாட்டின் போர்க்கால வாகனங்களில் நாளைக்கு மிஞ்சப்போவது ஆனையிறவில் நிற்கும் அந்த ஒன்றும், அதன் பக்கத்தில் எழுதிவைத்திருக்கும் அந்த ஒரு கதையும்தான். மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றி அங்கே யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.

பேணுவது என்று சொல்லிவிட்டால் போதாது. பருத்தித்துறையில் அது கடலோடு நடத்தும் சண்டை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியை விரலால் தொட்டு நக்கினால் உப்புக் கரிக்கும். வில்லிஸின் தட்டுக்கு அடியில் வலுவுக்காகத் தகரத்தை மடித்துப் பெட்டி மாதிரிக் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் தொழிற்சாலையிலேயே மரக்கட்டை வைத்தார்கள். அந்த மரம் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளிருந்து கறள் தின்று வரும். எங்களுடையதில் அதைத் திறந்தபோது மரம் மாவாக உதிர்ந்தது, கூடவே ஒரு கைப்பிடி வெள்ளை மணல். மரத்தை மாற்றி, காய்ந்தபின் ஒயில் ஊறவிட்டு, நீர் வடிய கீழே துளை வைத்து மூடினோம்.

லாண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் வேறு மயக்கத்தில் இருக்கிறார்கள். போருக்குப் பிந்திய இரும்புத் தட்டுப்பாட்டால் அதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆகவே கறள் பிடிக்காது என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். உடல் பிடிக்காது, கீழே உள்ள சட்டம் இரும்பு. அதைவிட மோசம், இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அங்கே மின்வேதியல் அரிப்புத் தொடங்கிவிடும். அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். ஒவ்வொரு பொருத்துக்கும் நடுவில் ரப்பரோ தடித்த வர்ணமோ இருக்க வேண்டும். கரைப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடியைக் கழுவ வேண்டும். கரையோரக் கிணறுகளில் பல உவர், அந்தத் தண்ணீரில் கழுவுவது கழுவாததைவிடக் கேடு.

நிறம் பற்றி ஒரு சொல். எங்களுடையது கடைசியாக வீட்டுக் கதவுக்குப் பூசி மிஞ்சிய நீலத்தில் இருந்தது. அதே நீலத்தில்தான் இருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் கீழே சாம்பல், அதற்கும் கீழே பச்சை. ஏறும் இடத்தின் ஓரத்தில் கை அகலத்துக்கு அந்த அடுக்குகளைக் காட்டும்படி சுரண்டி விட்டு, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறேன். பட்டாளக் காலத்தை நான் மறைக்கவில்லை. அது இருந்த இடத்தில், அடியில், இருக்கட்டும்.

மண்ணெண்ணெய் அமைப்பை வைத்திருப்பது என்றால் மண்ணெண்ணெயில் ஓட்டுவது என்று பொருள் அல்ல. நாள்தோறும் ஓட்டினால் எஞ்சின் நீடிக்காது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆன எண்ணெய் அது, கடற்றொழிலாளியின் எண்ணெய். நாங்கள் பெற்றோலில்தான் ஓட்டுகிறோம். குழாயும் திறப்பும் பித்தளைத் தாங்கியும் இருந்த இடத்தில் இருக்கின்றன, வேலை செய்யும் நிலையில். பிள்ளைகள் கேட்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எழுப்பிக் காட்டுகிறோம். அந்த மணம் வந்ததும் மதிலுக்கு அப்பால் இருந்து வயதானவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், தங்கள் காரில் எந்தப் போத்தல் வைத்திருந்தோம், எதை எங்கே பொருத்தினோம் என்று சொல்லத் தொடங்குவார்கள். "ஆமிக்காரன்ர சாமான்" என்று சொன்ன ஒருவரும் அப்படி எட்டிப் பார்த்திருக்கிறார். தன் தகப்பனின் மொறிஸ் மைனரைப் பற்றி அன்று அவர் நெடுநேரம் பேசினார்.

இதை ஒருவர் வீட்டு முற்றத்தோடு விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் குடாநாட்டுக் கொட்டில்களுக்குள் கிடக்கும் ஒவ்வொரு மண்ணெண்ணெய் மாற்றத்தையும் அளந்து, வரைந்து, எந்த எஞ்சினுக்கு எத்தனை சுற்று, எந்தத் திறப்பு, எங்கே சூடு என்று பதிய வேண்டும். ஒரு மெக்கானிக் செய்தது போல மற்றவர் செய்யவில்லை. நெல்லியடிக்கு ஒரு முறை, சாவகச்சேரிக்கு ஒரு முறை என்று இருந்தது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது இரும்பைப் பார்த்துத் தெரியாது, செய்தவரைக் கேட்க வேண்டும். அன்று முப்பது வயதில் கராச் நடத்தியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள், அன்றே மூத்தவர்களாக இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். ஜீப்பை விற்க நினைக்கிறவர்கள் விற்பதற்கு முன் அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டுங்கள், செய்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவரையும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள்.